தோற்ற பக்கத்தில் நின்றவர்

பழைய கிரிக்கெட் பதிவேடுகளில் 1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களுக்குரிய பக்கத்தைப் புரட்டினால் அங்கே ஒரு வரி காணப்படும். மான்செஸ்டர் நகரில் நடைபெற்ற டெஸ்ட் பந்தயத்தில் இங்கிலாந்தை ஆஸ்திரேலியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது என்பதே அவ்வரி. படித்துவிட்டு அடுத்த பக்கம் செல்வோர் பலர். வென்றவர் யார் என்று தெரிந்துவிட்டது. இனி அறிய வேண்டுவது யாது என்பது அவர்கள் எண்ணம்.

நானும் அவ்வாறு எண்ணியவனே. பல ஆண்டுகள் வகுப்பறையில் சரித்திரம் கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போர்களைப் பற்றிப் பாடம் சொல்லும்போது வென்ற அரசன் பெயரையும் ஆண்டையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். தோற்ற பக்கத்தில் நின்று உழைத்தவன் யார் என்று நான் கேட்டதும் இல்லை. மாணவர்களைக் கேட்கத் தூண்டியதும் இல்லை. அக்குறையை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆங்கிலேயப் பந்து வீச்சாளர். விக்டோரியா மகாராணியாரின் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் சர்ரே என்னும் கவுண்டிக்காக ஆடிய டாம் ரிச்சர்ட்ஸன் என்பவரே அவர். அவருடைய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அக்காலத்து ஆட்டத்தின் நிலையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் காண்பது போலக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பந்து வீசுவதற்கு 1864-ஆம் ஆண்டில்தான் விதி இடம் கொடுத்தது. அதற்கு முன் கை தோளுக்கு மேல் எழுந்தால் நடுவர் அப்பந்தைச் செல்லாதென்று தள்ளிவிடுவார். 1864-க்குப் பின் வேகப் பந்து வீச்சு ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. கவுண்டிகளுக்கிடையே நடைபெறும் சாம்பியன் போட்டி 1890-ஆம் ஆண்டு முதல் முறைப்படி அமைந்தது. கோடைக் காலத்தில், மே மாதம் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பந்தயங்கள் என்ற கணக்கில் ஆட்டம் நடக்கும். ஞாயிறு ஒன்றே ஓய்வு. அந்த ஓய்வும் சில வேளைகளில் இரயில் பயணத்தில் கழிந்துவிடும்.

அக்காலத்தில் ஓர் ஓவருக்கு ஐந்து பந்துகள். ஆறு பந்துகள் என்ற முறை இங்கிலாந்தில் 1900-ஆம் ஆண்டில்தான் வந்தது. மற்றொரு செய்தி இதைவிட முக்கியமானது. இன்னிங்ஸின் நடுவே புதிய பந்து கேட்கும் உரிமை அன்று பந்து வீசுவோருக்கு இல்லை. 200 ஓட்டங்கள் எடுக்கப்பட்ட பின் புதிய பந்து கேட்கலாம் என்ற விதி 1907-ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. எதிர்க் கட்சியார் நானூறு ஓட்டங்கள் எடுத்தாலும், தொடக்கத்தில் கையில் கொடுத்த அதே பந்தைக் கொண்டுதான் கடைசி விக்கெட்டையும் வீழ்த்த வேண்டும். தேய்ந்து மென்மையான பழம் பந்தை வைத்துக்கொண்டு வேகம் காட்டுவதென்றால், அவ்வேகம் வீசுபவனின் தோளிலிருந்தும் முதுகிலிருந்துமே வர வேண்டும்.

ஆடுவோரிடையே அன்று இரண்டு சாதிகள் இருந்தன என்றே சொல்லிவிடலாம். வசதியுள்ள குடும்பங்களில் பிறந்து, ஊதியம் பெறாமல் விருப்பத்துக்காக ஆடியவர்கள் 'கனவான்கள்'. ஊதியம் பெற்று ஆடியவர்கள் 'ஆட்டக்காரர்கள்'. ஒரே அணிக்காக ஒரே நாளில் ஆடினாலும், உடை மாற்றும் அறைகள் வேறு வேறு. பல மைதானங்களில் களத்துக்குள் இறங்கி வரும் வாயிலும் வேறு வேறு. கனவானின் பெயர் மரியாதை அடையோடு அச்சாகும். ஆட்டக்காரன் பெயர் அந்த மரியாதையின்றி நிற்கும். அணித் தலைமை பெரும்பாலும் கனவான்களுக்கே உரியது. வெயிலில் நெடுநேரம் பந்து வீசும் பணி பெரும்பாலும் ஆட்டக்காரர்களுக்கே உரியது. இவ்வேறுபாடு 1962-ஆம் ஆண்டில்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நம் ரிச்சர்ட்ஸன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

அவர் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் சர்ரேயில் உள்ள பைஃப்ளீட் என்னும் ஊரில் பிறந்தார். மிச்சம் என்ற ஊரின் திறந்த புல்வெளியில் ஆடிப் பழகினார். 1892-இல் சர்ரே அணியில் இடம் பெற்றார். உயர்ந்த உருவம், அகன்ற தோள், கருத்த தலைமயிர், அடர்ந்த மீசை. களத்தில் இறங்கினால் கண்கள் தாமாகவே அவர் பக்கம் திரும்பும் என்று அவரைக் கண்டோர் எழுதியுள்ளனர்.

தொடக்கத்திலேயே அவருக்கு ஒரு சோதனை வந்தது. அவர் பந்தை வீசும்போது முழங்கை சற்று மடங்குகிறது, அது வீச்சன்று, எறிதல் என்று சிலர் ஐயுற்றனர். பந்து வீசிப் பிழைக்கும் ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறில்லை. அவர் தம் கையை நேராக்கிக்கொள்ளப் பயின்றார். பின்னர் அவ்வையத்துக்குப் பெரும்பாலும் இடமில்லாமற் போயிற்று. பழகிப்போன ஒரு பழக்கத்தை, அதுவும் தன் பிழைப்புக்கே ஆதாரமான பழக்கத்தை, இருபத்திரண்டு வயதில் மாற்றிக்கொள்வது எளிதன்று. எழுத்தாணி பிடிக்கும் முறையையே மாற்ற மறுக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகள் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அவர் வீசும் முறையில் மாயம் எதுவும் இல்லை. நெடுந்தூரம் ஓடி வருவார். கையை உயர்த்தி முழு வேகத்துடன் விக்கெட்டை நோக்கியே வீசுவார். தரையில் பட்ட பந்து வலக்கை மட்டையாளரின் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக வெட்டித் திரும்பும். மட்டை தவறினால் விக்கெட் விழும். ஆட்டக்காரரின் உடலைக் குறிவைத்து அச்சுறுத்துவது அவர் வழக்கமன்று. நல்ல குணமும் மாறாத மலர்ச்சியும் உடையவர் என்று அவரை எதிர்த்து ஆடியவர்களும் புகழ்ந்தனர். சர்ரே அணியில் அவருக்குத் துணையாக மறு முனையிலிருந்து வீசியவர் லாக்வுட் என்பவர். இவ்விருவரும் சேர்ந்து வீசும் நாளில் ஓவல் மைதானத்தில் மட்டை பிடிக்க வருவோர்க்கு நல்ல பொழுதாக இராது.

1893-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் அவர் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்தாகப் பத்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்த நான்கு கோடைகளில் அவர் ஆற்றிய பணியை எண்களாகவே கூறுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள். 1894-இல் 196 விக்கெட்டுகள். 1895-இல் 290. 1896-இல் 246. 1897-இல் 273. கூட்டினால் நான்கு கோடைகளில் 1005 விக்கெட்டுகள். 1894 ஜூன் திங்களில் ஓவல் மைதானத்தில் எஸ்ஸெக்ஸ் கவுண்டியை எதிர்த்து ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் 45 ஓட்டங்களுக்கு வீழ்த்தியதும் இக்கணக்கில் அடங்கும். 1895-இல் அவர் பெற்ற 290 என்ற எண்ணிக்கையை 1928-ஆம் ஆண்டு வரை எவரும் தாண்டவில்லை. 1928-இலும் பின்னர் 1933-இலும் அதைத் தாண்டியவர் மெதுவாகச் சுழற்பந்து வீசும் ஃப்ரீமன் என்பவர் ஒருவரே. வேகமாக ஓடி வந்து வீசியவர்களுள் அந்த எண்ணை எட்டியவர் வேறு யாரும் இல்லை.

இந்நான்கு கோடைகளுக்கு இடையே வந்த குளிர்காலத்திலும் அவருக்கு ஓய்வு இல்லை. 1894-95-இல் இங்கிலாந்து அணியுடன் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே ஐந்து டெஸ்ட் பந்தயங்களில் 32 விக்கெட்டுகள் வீழ்த்தினார். சிட்னியில் நடந்த முதல் பந்தயத்தில் ஆஸ்திரேலியா 586 ஓட்டங்கள் குவித்தது. அந்நெடிய இன்னிங்ஸில் 181 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவரே. இங்கிலாந்து தொடர்ந்து இரண்டாம் முறையும் மட்டை பிடிக்க நேர்ந்தும், கடைசி நாளில் 10 ஓட்டங்களில் வென்றது. அத்தொடரை இங்கிலாந்து மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கைப்பற்றியது.

இப்போது நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த மான்செஸ்டர் பந்தயத்துக்கு வருகிறேன். 1896-ஆம் ஆண்டு. ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டில் ரிச்சர்ட்ஸன் 39 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்த, ஆஸ்திரேலியா 53 ஓட்டங்களில் சுருண்டது. இங்கிலாந்து வென்றது. இரண்டாம் டெஸ்ட் ஜூலை 16-ஆம் நாள் மான்செஸ்டரில் உள்ள ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் தொடங்கியது.

ஆஸ்திரேலியா முதலில் ஆடி 412 ஓட்டங்கள் எடுத்தது. ரிச்சர்ட்ஸன் 68 ஓவர்கள் வீசி 168 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வளவும் ஒரே பந்தில் என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் இங்கிலாந்து 231 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. 120 ஓட்டங்களோ அதற்கு மேலோ பின்தங்கிய அணி உடனே மீண்டும் ஆடியே தீர வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே இங்கிலாந்து இரண்டாம் முறையும் மட்டை பிடித்தது.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவர் வரலாற்றில் நுழைகிறார். கத்தியவாரைச் சேர்ந்த ரஞ்சித்சிங்ஜி அப்போது கேம்பிரிட்ஜில் பயின்று, சஸ்ஸெக்ஸ் கவுண்டிக்காக ஆடிக்கொண்டிருந்தார். லார்ட்ஸ் பந்தயத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மைதானத்துக்கு உரிய கழகத்தாரே அணியைத் தேர்ந்தெடுக்கும் முறை அன்று இருந்ததால், மான்செஸ்டரில் லங்காஷயர் கழகத்தார் அவரைச் சேர்த்துக்கொண்டனர். டெஸ்ட் பந்தயம் ஆடிய முதல் இந்தியர் அவரே. முதல் இன்னிங்ஸில் 62 ஓட்டங்கள். இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள். மூன்றாம் நாள் உணவு இடைவேளைக்கு முன் மட்டும் நூற்றுக்கு மேல் குவித்தார். இங்கிலாந்து 305 ஓட்டங்கள் எடுத்தது. ஆஸ்திரேலியா வெற்றி பெற 125 ஓட்டங்கள் தேவை. மூன்றாம் நாள் பிற்பகல் முழுவதும் கையில் இருந்தது.

125 ஓட்டங்கள் சிறிய இலக்கு. அதை எளிதில் எடுத்துவிடுவர் என்றே எவரும் எண்ணியிருப்பர். ரிச்சர்ட்ஸன் பந்தைக் கையில் வாங்கினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஒரு முனையிலிருந்து இடைவிடாமல் அவரே வீசினார். விக்கெட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நூறு ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில் ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுகளை இழந்தது. இன்னும் 25 ஓட்டங்கள் வேண்டும். மூன்று விக்கெட்டுகள் எஞ்சியிருந்தன. டிரம்பிள், கெல்லி என்னும் இருவர் நின்றனர். அந்த 25 ஓட்டங்களை எடுக்க அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று என்றால், ஒவ்வொரு பந்தும் எவ்வாறு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெற்றி சில ஓட்டங்களே தொலைவில் இருந்தபோது ரிச்சர்ட்ஸன் வீசிய பந்தொன்று கெல்லியின் மட்டையில் பட்டு விக்கெட் காப்பாளர் லில்லியின் கைக்குச் சென்றது. நழுவிக் கீழே விழுந்தது. ஆஸ்திரேலியா வென்றது. இரண்டாம் இன்னிங்ஸில் ரிச்சர்ட்ஸன் 42 ஓவர்களும் மூன்று பந்துகளும் வீசி, 76 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். முதல் இன்னிங்ஸில் 68 ஓவர்கள். ஓவருக்கு ஐந்தாக 340 பந்துகள். இரண்டாவதில் 213 பந்துகள். ஆக மொத்தம் 553. இன்றைய ஆறு பந்து முறைப்படி 92 ஓவர்களுக்கு மேல். இன்றைய டெஸ்ட் பந்தயத்தில் ஒரு முழு நாளுக்கு வகுத்திருக்கும் ஓவர்கள் 90. இரு முனைகளிலிருந்தும் அணியின் எல்லாப் பந்து வீச்சாளர்களும் சேர்ந்து ஒரு நாள் முழுதும் வீச வேண்டியதற்கு மேல், ஒரே மனிதர் அந்த மூன்று நாள் பந்தயத்தில் ஒரு முனையிலிருந்து தனியாக வீசியிருக்கிறார். வீழ்ந்த பதினேழு ஆஸ்திரேலிய விக்கெட்டுகளில் பதின்மூன்று அவருடையவை. பதிவேட்டின் அந்த ஒற்றை வரியில் இவை எவையும் இல்லை.

இனி, சரித்திர ஆசிரியன் என்ற முறையில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்பந்தயத்தைப் பற்றி ஓர் உருக்கமான கதை வழங்குகிறது. நெவில் கார்டஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் அதை எழுதினார். வெற்றி ஓட்டம் எடுக்கப்பட்டதும் மற்றவர்கள் உள்ளே ஓடிவிட, ரிச்சர்ட்ஸன் மட்டும் பந்து வீசிய இடத்திலேயே திகைத்து நின்றார் என்றும், நண்பர் ஒருவர் வந்து அழைத்துச் செல்லும்வரை அசையவில்லை என்றும் அவர் வருணித்தார். படிப்போர் கண்ணில் நீர் துளிர்க்கும். ஆயின், கார்டஸ் அப்போது எட்டு வயதளவான சிறுவர். அன்றைய ஆட்டத்தைச் சார்ந்து வழங்கும் மற்றொரு செய்தியோ முற்றிலும் வேறாக உள்ளது. ஆட்டம் முடிந்ததும் முதலில் களத்தை விட்டு விரைந்தவர் ரிச்சர்ட்ஸனே என்றும், மற்றவர்கள் காலணியைக் கழற்றுவதற்குள் அவர் இரண்டு கோப்பை பீர் அருந்தி முடித்துவிட்டார் என்றும் அது கூறுகிறது.

எதை நம்புவது? முதற்கதை அழகானது, அது தோல்விக்கு ஒரு சிலை வடித்துக் கொடுக்கிறது. இரண்டாவது, மூன்று மணி நேரம் வெயிலில் ஓடி வீசிய ஒரு மனிதனின் தாகத்தைச் சொல்கிறது. என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் நீங்கள் என் சாய்வை ஏற்க வேண்டுவதில்லை. இரண்டையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். அந்த 553 பந்துகள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு எந்த அலங்காரமும் வேண்டுவதில்லை. ஒரு நிகழ்ச்சி உங்களை மிகவும் உருக்கும்போது, 'இதைக் கண்டவர் யார்? எழுதியவர் யார்? எப்போது எழுதினார்?' என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். கேட்ட பின்னும் எஞ்சி நிற்பதே சரித்திரம்.

மான்செஸ்டர் பந்தயம் முடிந்து நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. ஆகஸ்டு மாதம் ஓவல் மைதானத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்க இருந்தது. தொடர் சமநிலையில் நின்றது. அப்போது இங்கிலாந்து அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊதிய ஆட்டக்காரர் ஐவர், தங்களுக்கு ஒரு டெஸ்டுக்குத் தரப்படும் 10 பவுன் போதாது, 20 பவுன் வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டனர். ரிச்சர்ட்ஸன், லோமன், ஏபெல், ஹேவர்டு ஆகிய நால்வர் சர்ரே அணியினர். கன் என்பவர் நாட்டிங்ஹாம்ஷயர் அணியினர். பந்தயத்தைக் காணப் பல்லாயிரவர் கட்டணம் செலுத்தி வருகின்றனர். ஊதியம் பெறாத கனவான்கள் சிலரோ 'செலவுத் தொகை' என்ற பெயரில் எங்களைவிட அதிகம் பெறுகின்றனர் என்ற மனக்குறை ஆட்டக்காரரிடையே வெகுநாளாக இருந்தது. அணித் தலைவர் டபிள்யூ. ஜி. கிரேஸ் அவர்களின் செலவுத் தொகை பற்றியே பத்திரிகைகளில் பேச்சு எழுந்து, சர்ரே கழகத்தார் அதை மறுத்து அறிக்கை வெளியிட நேர்ந்தது.

கழகத்தார் ஐவருக்கும் இணங்கவில்லை. ரிச்சர்ட்ஸன், ஏபெல், ஹேவர்டு ஆகிய மூவரும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆடினர். லோமனும் கன்னும் ஆடவில்லை. இங்கிலாந்து 66 ஓட்டங்களில் வென்று தொடரையும் வென்றது. தலைசிறந்த பந்து வீச்சாளருள் ஒருவராகிய லோமன் அதன்பின் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. காச நோயால் நலிந்து 1901-இல் தென்னாப்பிரிக்காவில் 36 வயதில் மறைந்தார். ஐவர் கேட்ட அந்த 20 பவுனோ, 1899-இல் ஆஸ்திரேலிய அணி மீண்டும் வந்தபோது டெஸ்ட் ஊதியமாக வழங்கப்பட்டது.

ரிச்சர்ட்ஸன் பின்வாங்கியதைக் கோழைமை என்று நாம் எளிதில் சொல்லிவிடலாம். அவர் வருவாய்க்குப் பந்து வீச்சைத் தவிர வேறு வழி இல்லாதவர். தொழிலாளிக்கு வேலையும் உரிமையும் எதிரெதிரே நிற்கும்போது ஏற்படும் துன்பத்தை, இரண்டும் கவலையின்றிக் கிடைக்கப் பெற்றவர்கள் அளந்து தீர்ப்புச் சொல்லுதல் ஆகாது. 553 பந்துகள் வீசிய மனிதனுக்கு 10 பவுன் போதுமா என்ற கேள்வியை எழுப்பியவர்களுள் அவரும் ஒருவர் என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

1897-ஆம் ஆண்டு வெளியான விஸ்டன் ஆண்டு மலர், முந்திய கோடையின் சிறந்த ஆட்டக்காரர் ஐவரைத் தேர்ந்து பாராட்டியது. அவ்வைவருள் ரஞ்சித்சிங்ஜியும் இருந்தார், ரிச்சர்ட்ஸனும் இருந்தார். அவ்வாண்டும் 273 விக்கெட்டுகள் வீழ்த்திவிட்டு, குளிர்காலத்தில் மீண்டும் ஆஸ்திரேலியா சென்றார் ரிச்சர்ட்ஸன். இப்போது உடல் முன்போல் இணங்கவில்லை. மூட்டு வாதம் வருத்தியது. உடல் பருக்கத் தொடங்கியது. ஆயினும் 1898-இல் சிட்னியில் நடந்த தொடரின் கடைசிப் பந்தயத்தில் 94 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகள் வீழ்த்தினார். டெஸ்ட் பந்தயங்களில் அவருடைய மிகச் சிறந்த வீச்சு அதுவே. அதுவே அவருடைய கடைசி டெஸ்டும் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 27. இங்கிலாந்துக்காக ஆடிய பந்தயங்கள் 14. வீழ்த்திய விக்கெட்டுகள் 88.

1899-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் நூறு விக்கெட்டுகளை எட்டவில்லை. 290 எடுத்த கைக்கு நூறு எட்டாக்கனியாயிற்று. அதன்பின்னும் சில ஆண்டுகள் சர்ரேக்காக உழைத்தார். ஆனால் முன்னைய வேகம் திரும்பவில்லை. நான்கு கோடைகளில் செலவழித்த ஆற்றலை உடல் திருப்பிக் கேட்டது என்றே தோன்றுகிறது. 1904-உடன் சர்ரே தொடர்பு முடிந்தது. 1905-இல் சாமர்செட் கவுண்டிக்காக ஒரே ஒரு பந்தயம் ஆடிவிட்டு விலகினார். முதல்தரப் பந்தயங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் மொத்தம் 2104. ஆட்டத்தை விட்ட பின் மதுக்கடை நடத்தி வாழ்ந்தார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் பலர்க்கு அன்று கிடைத்த பிழைப்பு அதுவே.

1912-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதிக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது அவர் உயிர் நீத்தார். வயது 41. இங்கேயும் ஒரு கதை முளைத்தது. வாழ்வில் மனமுடைந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தனர். பிற்காலத்தில் பிரான்சு நாட்டு ஆவணங்களை ஆராய்ந்தபோது அது இயற்கை மரணமே என்று தெரிய வந்தது. களைத்துத் திகைத்து நின்ற வீரன் என்ற முதற்கதைக்கு ஏற்ற முடிவாக இந்த இரண்டாம் கதை அமைந்தது போலும்! ஒரு பொய்ச் சித்திரம் மற்றொரு பொய்ச் சித்திரத்தைத் தேடிக்கொண்டது. வாழ்நாள் முழுதும் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்த ஒருவர்மீது, எதிர்த்துப் பேச அவர் இல்லாத காலத்தில், எவ்வளவு எளிதாக ஒரு பழி ஏறிவிட்டது பாருங்கள். ஆவணத்தைத் தேடிச் சென்ற ஒருவரின் உழைப்பே அப்பழியை நீக்கியது. சரித்திரம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

மாணவ நேயர்களே! முடிக்கும் முன் என் சொந்தக் குறை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், அயலூர்ப் பள்ளியோடு ஒரு பந்தயம் நடந்தது. எங்கள் அணியில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை முதல் ஒரு முனையிலிருந்து பந்து வீசிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று அணித் தலைவன் என்னிடம் வந்து கேட்டான். நான், வேண்டா, அவனே வீசட்டும் என்றேன். சில ஓட்டங்களில் நாங்கள் தோற்றோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எங்கள் அணியில் அரைச் சதம் அடித்த மாணவனை மேடைக்கு அழைத்து ஒரு புத்தகம் பரிசளித்தேன். பந்து வீசிய மாணவன் வரிசையில் நின்று மற்றவர்களோடு கைதட்டினான். அவன் வலக்கையைத் தூக்க முடியாமல், இடக்கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ரிச்சர்ட்ஸனின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்து, அந்த 553 பந்துகளைக் கூட்டிப் பார்த்த இரவில்தான் அந்த இடக்கை என் நினைவுக்கு வந்தது. அவன் அதற்குள் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை நான் சொல்லவேயில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தின் பதிவேட்டைப் பார்க்கும்போது மேலே உள்ள வெற்றி தோல்வியோடு நின்றுவிடாதீர்கள். பந்து வீசியவர்களின் கணக்கு அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும் படியுங்கள். யார் எத்தனை ஓவர் வீசினார் என்று பாருங்கள். நாளை உங்களுள் சிலர் ஆசிரியர்களாகவும், அலுவலர்களாகவும், அணித் தலைவர்களாகவும் அமர்வீர்கள். அப்போது தோற்ற பக்கத்தில் நின்று நாள் முழுதும் உழைத்தவர் யார் என்று கேட்டு, மறுநாள் காலையிலேயே அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். என்னைப் போல் காலம் தாழ்த்தாதீர்கள்.